முதுகுச் சுமைக் கணக்கு: ஸ்ரீநகரிலிருந்து லே வரை

முதல் நாள்: ஸ்ரீநகர் – சோனமார்க்

விமான நிலைய வாயிலில் சுபேதார் சாப் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். 1999-இல் நான் மேஜராக ஒரு காலாட்படைக் கம்பெனிக்குத் தலைமை ஏற்றிருந்தபோது அவர் அந்தக் கம்பெனியின் குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். அரிசி, மண்ணெண்ணெய், காலுறை, தோட்டா என்று எங்கள் கம்பெனிக்குள் வந்த ஒவ்வொரு பொருளும் அவர் கையைத் தாண்டித்தான் வந்தது. பின்னாளில் சுபேதாராக ஓய்வுபெற்று, உத்தராகண்டில் தம் மலைக்கிராமத்தில் ஆப்பிள் பயிரிடுகிறார். ராணுவ வழக்கப்படி அவர் என்னைச் 'சாப்' என்கிறார், நானும் அவரைச் 'சாப்' என்கிறேன். எங்கள் இருவரில் யார் அதிகாரி என்று விளங்காமல் காரோட்டி காங்கன் என்ற ஊர் வரை குழம்பிப்போயிருந்தார்.

கார்கில் போரைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் தாக்குதல்களைப் பற்றியவை. அந்த வீரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கம்பெனி கமாண்டரின் நாளில் முக்கால் பங்கு வேறொன்றில் கழிந்தது: எது எத்தனை கிலோ, அதை யார் தூக்குவது, விடிவதற்குள் அவர் திரும்பி வந்துவிடுவாரா என்ற கணக்கில். அந்தக் கணக்கு நடந்த சாலையில், அதை எழுதி வைத்தவரோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நாள்தோறும் இரவில் இதை எழுதி இடுகிறேன்.

1999 மே மாதம் எங்கள் பட்டாலியன் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்தது. மே முதல் வாரத்தில் பட்டாலிக் பக்கத்து மேய்ப்பர்கள் மலைமுகட்டில் அந்நியர்களைக் கண்டு சொன்ன செய்தி எங்களுக்கு வதந்தியாகவே வந்து சேர்ந்தது. பிறகு ஓர் இரவில் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஏட்டில் ஒரு ரைபிள் கம்பெனிக்கு சுமார் 120 பேர். விடுப்பில் போனவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள் எல்லாரையும் கழித்தால் என்னிடம் எஞ்சியவர்கள் 92 பேர். அவர்களும் ஐந்து கிராமங்களில் சிறுசிறு காவல் நிலைகளாகச் சிதறிக் கிடந்தார்கள். பள்ளத்தாக்கு வேலைக்கு வேண்டியவை ஏகே-47, குண்டு துளைக்காத சட்டை, வயர்லெஸ். மலைப் போருக்கு வேண்டிய 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சர்கள் மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக் கிடங்கில் உறங்கிக்கொண்டிருந்தன. ஒரு போருக்கான கருவிகளை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு போருக்கான கருவிகளை ஏற்றிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்.

ககன்கீருக்கும் சோனமார்க்குக்கும் நடுவில் 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதையை இன்று பத்து நிமிடத்துக்குள் கடந்தோம். அன்று மேலிருந்த பழைய சாலையில், பனிச்சரிவு விழுந்து அள்ளப்பட்ட இடங்களில் லாரி லாரியாக நின்று நின்று போனது நினைவுக்கு வந்தது. "நம் மூன்றாவது வண்டியின் கிளட்ச் இங்கேதான் போனது" என்றார் சுபேதார் சாப். அந்த வண்டியில் இருந்தவை சமையல் பாத்திரங்கள். அதனால் அன்றிரவு கம்பெனி பட்டினி.

இரண்டாம் நாள்: சோஜி லா – திராஸ்

சோஜி லா கணவாய் 11,575 அடி உயரம். லடாக்குக்குப் போகும் கணவாய்களில் இதைவிட உயரமானவை பல உண்டு, இதைவிடப் பொல்லாதது குறைவு. பழைய நாள்களில் நவம்பரில் பனி மூடினால் திறக்க மே மாதம் ஆகிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு வேண்டிய உணவு, எரிபொருள், மருந்து அனைத்தையும் கோடையிலேயே அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குவித்துவிட வேண்டும். லடாக்கில் ராணுவம் உயிர்வாழ்வதே இந்தக் குளிர்காலச் சேமிப்பினால்தான். இன்றும் செப்டம்பர் வெயிலில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களும் மூட்டைகளும் ஏற்றிய ராணுவ லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எதிர்வந்த வரிசைக்கு வழிவிட்டு நாங்கள் ஓரம் நின்ற அரைமணி நேரமும் சுபேதார் சாப் உதடு அசைய வண்டிகளை எண்ணினார். பழக்கம் விடவில்லை.

இந்தக் கணவாய்க்கும் தமிழர்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1948 நவம்பர் முதல் நாள் இந்தியப் படை ஸ்டூவர்ட் டாங்கிகளை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றி எதிரியைத் திகைக்கவைத்தது. ஜெனரல் திம்மய்யாவின் அந்தத் துணிச்சல் பலரும் அறிந்தது. கோவேறு கழுதைகள் மட்டுமே நடந்த தடத்தை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற நம்மூர்ப் பொறியாளர் படையினர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வழி போட்டவனைப் பற்றிப் பாட்டு எழுதப்படுவதில்லை என்று ஒருமுறை நான் மெஸ்ஸில் குறைப்பட்டுக்கொண்டபோது, அங்கிருந்த சாப்பர் நண்பர் ஒருவர், "பாட்டு வேண்டாம், புல்டோசருக்கு டீசல் கொடுங்கள், போதும்" என்றார்.

கும்ரி, மடாயன், பந்திராஸ் என்று இறங்கி இறங்கித் திராஸ் வந்தது. இந்தச் சாலையில் முதல் முறையாக வருபவர்களுக்கு நான் காட்ட விரும்புவது ஒன்றுதான். நின்று, நிமிர்ந்து, சாலைக்கு மேலே நிற்கும் தோலோலிங் மலையைப் பாருங்கள். அந்த உச்சியில் தொலைநோக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் கீழே போகும் ஒவ்வொரு லாரியையும் அவரால் எண்ண முடியும், எண்ணியபின் பீரங்கிக்குத் திசை சொல்லவும் முடியும். லேவுக்கும் சியாச்சினுக்கும் உணவு போகும் பாதையின் கழுத்தில் விரலை வைத்ததுபோல ஊடுருவிய பாகிஸ்தான் படையினர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே போரின் காரணமே ஒரு வழங்கல் பாதைதான் என்று சொன்னால் மிகையாகாது. அன்று நாங்கள் இருளில், முகப்பு விளக்கு இல்லாமல், முன்வண்டியின் பின்புறம் பூசிய வெள்ளைப் பூச்சை மட்டும் நம்பி வந்து சேர்ந்தோம்.

மூன்றாம் நாள்: திராஸ்

காலையில் போர் நினைவிடத்துக்குப் போனோம். தோலோலிங்கின் அடியில் சாலையோரமாகவே இருக்கிறது. அந்தப் போரில் இந்தியா இழந்தவர்கள் 527 பேர். செந்நிறச் சுவரில் பெயர்களைப் படித்துக்கொண்டு போனால், கணக்கில் ஒன்றாக இருந்தது ஊரும் வீடும் உள்ள ஆளாக மாறிவிடுகிறது. எங்கள் கம்பெனியின் பெயர்கள் நான்கு. அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அந்தக் குடும்பங்களுக்கு நான் எழுதவேண்டியதை எழுதிவிட்டேன்.

மதியம் சுபேதார் சாப் தம் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அது இன்னும் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் பெயர், எதிரே சுமை, எடை, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் என்று இந்தியில் பென்சிலால் எழுதியது. இனி நான் சொல்லும் எண்கள் அந்த நோட்டிலிருந்து.

முதலில் எழுந்தது உடலின் பிரச்சினை. 9,000 அடிக்கு மேல் போகும் படைவீரருக்கு ஆறு நாள், 12,000-க்கு மேல் இன்னும் நான்கு நாள், 15,000-க்கு மேல் மறுபடி நான்கு நாள் என்று உடலைப் பழக்கவேண்டும் என்பது ராணுவ மருத்துவ விதி. ஸ்ரீநகர் 5,200 அடி, திராஸ் 10,000 அடிக்கு மேல், நாங்கள் ஏறவேண்டிய முகடுகள் 15,000-ஐ ஒட்டியவை. போர் அத்தனை நாள் தரவில்லை. சுருக்கிக்கொண்டோம். அதன் விலையாக இரண்டு பேர் நுரையீரலில் நீர் கோத்து, ஒரு குண்டும் வெடிக்காமலே கீழே அனுப்பப்பட்டார்கள்.

அடுத்தது உடை. உயர்மலை ஆடைகள் அப்போது சியாச்சினுக்கென்றே கணக்கிட்டு வாங்கப்பட்டிருந்தன. திடீரென்று பல ஆயிரம் பேருக்கு அவை வேண்டியதாயிற்று. எங்களுக்கு ஒரு கிடங்கிலிருந்து வந்த பனிக்காலணிகள் அனைத்தும் ஒன்பதும் பத்துமான அளவு. என் ஆட்களோ மலைக்காரர்கள், ஆறும் ஏழும் அளவுள்ள சிறிய பாதம் உடையவர்கள். மூன்று காலுறை போட்டு, முனையில் செய்தித்தாளை அடைத்து நடந்தார்கள். கையுறை தடித்துப்போய் விரல் துப்பாக்கி விசைக்குள் நுழையாததால், சுபேதார் சாப் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து 92 வலக்கையுறைகளின் சுட்டுவிரலைக் கத்தரித்தார். அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு யார் பொறுப்பு என்று போர் முடிந்தபின் ஒரு கடிதம் வந்தது. நான் என்று பதில் எழுதினேன்.

தாக்கப் போகிறோம் என்று எண்ணி வந்த எங்களுக்கு முதலில் தரப்பட்ட வேலை சுமை தூக்குவது. முன்னால் போகும் வேறொரு பட்டாலியனுக்காகப் பாதி மலையில் ஒரு வெடிபொருள் குவியலை உண்டாக்கவேண்டும். கோவேறு கழுதைகள் ஆளுக்குச் சுமார் 70 கிலோ சுமந்து ஓர் ஓடைவரை வரும். அதற்கு மேல் செங்குத்துப் பாறையும் சறுக்கும் சரளையும்தான். அங்கே மனித முதுகு ஒன்றே வண்டி. எங்கள் ஆட்கள் ஒன்பது இரவுகள் தூக்கினார்கள்.

கணக்கைப் பாருங்கள். 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் குண்டு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல். தன் துப்பாக்கியும் தோட்டாவும் போக ஒருவரால் நான்கு குண்டு தூக்கமுடியும். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்று மணி நேரம். பழகிய மோர்ட்டார் குழு ஒன்று அந்த நான்கு குண்டுகளையும் இருபது வினாடிக்குள் சுட்டுத் தீர்த்துவிடும். இதை வீரர்களிடம் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஏழாவது இரவில் ஓர் இளம் நாயக் என்னிடம், "நாம் சண்டைக்கு வந்தோமா, கூலிக்கு வந்தோமா, சாப்?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. சுபேதார் சாப் நோட்டைத் திறந்து, அந்த நாயக் அதுவரை தூக்கிய குண்டுகளின் எண்ணிக்கையைப் படித்துக் காட்டினார்: இருபத்தெட்டு. தாக்குதல் நடந்த இரவில் நாங்கள் கீழே காத்திருந்தபோது, மேலே மோர்ட்டார் முழங்க முழங்க அந்த நாயக் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இருபத்தெட்டு வந்ததும் நிறுத்திவிட்டார்.

ஜூன் மாத இரவு குறுகியது. அதிலும் நிலவு வந்தால் பாதி இரவு போய்விடும். நம்மூரில் பௌர்ணமி என்றால் ஊரே மலையைச் சுற்ற வரும், எங்களுக்கோ அந்த ஜூன் 28-ஆம் நாள் பௌர்ணமி, சரிவில் தலை காட்டக்கூடாத நாளாக இருந்தது. வெள்ளிபோல ஒளிர்ந்த சரளைமேல் எறும்பு நகர்ந்தாலும் தெரியும்.

பின்னர் வேறொரு பட்டாலியன் பிடித்த முகட்டை ஏற்று நிற்கும் பணி எங்களுக்கு வந்தது. பிடிப்பதைவிட நிற்பது எளிது என்று நினைப்பவர்கள் அங்கே தண்ணீர் கேட்டுப் பார்க்கவேண்டும். ஓர் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர், எண்பது பேருக்கு 320 லிட்டர், இருபது லிட்டர் ஜெரிகேனில் பதினாறு ஆள்சுமை. தண்ணீருக்கே பதினாறு பேர் என்றால் சோற்றுக்கும் தோட்டாவுக்கும் ஆள் எங்கே? ஆகவே பனியை உருக்கினோம். உருக்க மண்ணெண்ணெய் வேண்டும், மண்ணெண்ணெயைத் தூக்க ஆள் வேண்டும். மேற்பனியெல்லாம் வெடிமருந்துக் கரியும் நாற்றமுமாக இருந்ததால் ஒரு முழம் தோண்டி அடிப்பனியை எடுத்தோம். பருப்பு அந்த உயரத்தில் வேகாது. பூரி, ஊறுகாய், சக்கர்பாரா என்று நாள்கள் போயின. சக்கர்பாரா நம்மூர்க் கலகலாவுக்கு அண்ணன், மாவை இனிப்போடு பிசைந்து வெட்டிப் பொரித்தது. எடை குறைவு, கெடாது, நடந்துகொண்டே தின்னலாம். போர்க்களத்தில் ஓர் உணவுக்கு இதைவிட நற்சான்று கிடையாது. இன்று தீபாவளிக்கு என் மனைவி கலகலா செய்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

காயம்பட்டவர்களைப் பற்றியும் எழுதவேண்டும். அந்தச் சரிவில் ஒரு தூக்குப்படுக்கையை நான்கு பேர் தூக்க, மாற்றுக்கு நான்கு பேர் கூட வரவேண்டும். மூன்று பேர் காயம்பட்டால் இருபத்துநான்கு பேர், அதாவது ஏறத்தாழ ஒரு பிளட்டூன் (கம்பெனியின் உட்பிரிவு), மலையிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்படி மூன்று பேர் காயம்பட்ட இரவில், யாரை முதலில் இறக்குவது என்று மருத்துவ உதவியாளர் என்னைக் கேட்டார். நோட்டில் அந்த நாளின் பக்கத்தில் எடை என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

நான்காம் நாள்: கார்கில்

திராஸிலிருந்து கார்கிலுக்கு அறுபது கிலோமீட்டர். எல்லைக்கு அப்பால் இருந்து வண்டிகள் தெரியாதபடி சாலையோரம் எழுப்பிய தடுப்புச் சுவர்களில் சில இன்னும் நிற்கின்றன.

1999 மே 9-ஆம் நாள் பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுகள் கார்கிலின் வெடிபொருள் கிடங்கைத் தகர்த்தன. ஒரே நாளில் எவ்வளவு கரைந்தது என்பது எங்கள் மட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன்பின் வந்த ஒவ்வொரு குண்டும் சோஜி லாவைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். போர் உச்சத்தில் சுமார் 300 பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ராக்கெட் ஏவிகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 குண்டுகளைப் பொழிந்தன. டைகர் ஹில் சிகரம் மீட்கப்பட்ட நாளில் 9,000. போஃபர்ஸ் பீரங்கியின் 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்றே நாற்பது கிலோவைத் தாண்டும். இந்த எண்களைப் படிப்பவர்கள் இடி முழக்கத்தைக் கற்பனை செய்கிறார்கள். எனக்கு லாரிகள்தான் தெரிகின்றன, அவற்றை இரவில் ஓட்டிவந்த ராணுவச் சேவைப் படைக்காரர்களும், வாடகைக்கு அமர்த்திய தனியார் லாரி ஓட்டுநர்களும். அவர்களுக்குச் சுவரில் இடம் குறைவு.

மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் ஒரு கட்டத்தில் அச்சு முறியும் என்பது தமிழர் அறிந்த உண்மை. அந்தக் கட்டம் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். போருக்குப் பின் அமைந்த கார்கில் ஆய்வுக் குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். 1999 டிசம்பரில் குழு அறிக்கை தந்தது. உளவுத் தோல்வியைப் பற்றிய அதன் பக்கங்கள்தான் அதிகம் பேசப்பட்டன. காலணி அளவைப் பற்றிப் பேச என்னைப் போன்ற மேஜர்கள்தான் இருக்கிறோம்.

ஐந்தாம் நாள்: பட்டாலிக்

நான் பட்டாலிக்கில் போரிடவில்லை. ஆனாலும் தமிழனாக இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹம்போதிங் லா கணவாயைத் தாண்டாமல் போகமுடியாது. திருச்சிக்காரரான மேஜர் மாரியப்பன் சரவணன், முதலாம் பிகார் பட்டாலியனில் இருந்து தம் ஆட்களை ஜுபார் முகட்டுக்கு நடத்திச்சென்று, 1999 மே இறுதியில் இங்கே உயிர் துறந்தார். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவரது உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. செய்தித்தாளில் அந்த வரியைப் படித்தவர்கள் மனம் கலங்கியிருப்பார்கள். ஒரு தூக்குப்படுக்கைக்கு எட்டுப் பேர் என்ற கணக்கைக் கையில் வைத்திருந்த எனக்கு, எதிரியின் துப்பாக்கி முனைக்குக் கீழே கிடக்கும் ஒருவரை எடுப்பது என்றால் என்ன என்பதும் சேர்ந்து தெரிந்தது. வீரர்களின் உடல்களைப் பெருமளவில் அவரவர் ஊருக்கே அனுப்பிவைத்த முதல் போர் கார்கில். முந்தைய போர்களில் களத்துக்கு அருகிலேயே எரியூட்டி, அஸ்தி மட்டும் போகும்.

சிந்து நதி கீழே பச்சையாக ஓடுகிறது. கர்கோன் பக்கத்துப் புரோக்பா இன மக்களின் கிராமங்களில் வீட்டுக் கூரைகள் எல்லாம் பாதாமி (ஆப்ரிகாட்) பழம் காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊர்க்காரர்கள்தாம் அந்தக் கோடையில் இந்தப் பகுதிப் படைகளுக்குச் சுமை தூக்கியவர்கள். தேநீர் கொடுத்த முதியவர் ஒருவர், எத்தனை தடவை மேலே போனார் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் தோளைத் திறந்து காட்டினார். பட்டையாகத் தழும்பேறிய தோல். சுபேதார் சாப் தம் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றி, தம்முடையதையும் காட்டினார். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. நான் கணக்கு மட்டும் பார்த்தவன்.

கிளம்பும்போது அந்த முதியவர் ஒரு சாக்குப்பை நிறையக் காய்ந்த பாதாமியைத் தந்து பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஆறாம், ஏழாம் நாள்: லே

இந்தப் பாதையின் மிக உயரமான இடமான ஃபோது லாவில் 13,479 அடி என்று பலகை சொல்கிறது. லாமாயுரு, நிம்மு எல்லாம் அழகிய இடங்கள்தாம். அவற்றைப் பற்றி நன்றாக எழுதியவர்கள் பலர் உண்டு, நான் அலுப்பில் பாதித்தூரம் உறங்கிவிட்டேன்.

விடுதியில் இரவு ஒரு சிக்கல் எழுந்தது. விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் பெட்டி. பாதாமிப் பை, சுபேதார் சாப் தம் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய கம்பளி, என் மனைவி எழுதிக்கொடுத்த பட்டியலின் பொருள்கள் எல்லாம் கட்டிலில் பரந்துகிடந்தன. விடுதியில் எடை பார்க்கும் கருவி இல்லை. அவர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கித் தூக்கி ஆட்டிப்பார்த்தார், பாதாமியை இரண்டாகப் பிரித்தார், என் காலணிகளை எடுத்துத் தம் பெட்டியில் வைத்தார், தம் கம்பளிகளை என் பெட்டியில் அடுக்கினார். "உங்கள் பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, சாப்" என்று கடைசியாக ஒரு கைப்பிடி பாதாமியை ஓரத்தில் திணித்தார். பிறகு அந்த நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதியிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

இதை லே விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தராசில் என் பெட்டி 14.8 காட்டியது. அவருடையது 15.2. கவுன்டரில் இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்.